பொட்டு வைத்த வேலி

முதல் நாள்: காங்கேசன்துறை, கோண்டாவில்

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் இலங்கையில் இருக்கிற காங்கேசன்துறைக்கு 4 மணி நேரம்தான். மயிலாடுதுறையில் இருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகவே இதைவிட அதிக நேரம் ஆகும். இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊருக்கு 48 வயதில்தான் வர வாய்த்தது.

ஏன் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா 6 வருடம் படுத்த படுக்கையாக இருந்தார். கூடப்பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியில் தமிழாசிரியை வேலை, மிச்ச நேரம் முழுக்க அம்மா. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பது. அந்த 6 வருடமும் சாமியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எனக்கே எனக்கென்று ஒரு நாள்.

போன வருடம் சித்திரையில் அம்மா போய்ச் சேர்ந்தார். "இனிமேலாவது உனக்குன்னு வாழு" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சரி என்று உட்கார்ந்து பார்த்தேன். காபியில் எனக்குச் சர்க்கரை எவ்வளவு வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அதனால் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அது அம்மாவின் ருசியா என் ருசியா என்று பிரிக்க முடியாமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வருஷத் திதி முடிகிற வரை கோவில் எதற்கும் போகவில்லை. முடிந்த வாரமே டொராண்டோவில் இருந்து தோழி அழைத்தாள். 90களில் திருச்சியில் என்னோடு படித்த யாழ்ப்பாணத்துப் பெண். "நல்லூர்த் திருவிழாவுக்குப் போ. எங்கட அம்மா தனியத்தான் இருக்கிறா. அவவோட ஒரு கிழமை இரு" என்றாள். கிழமை என்றால் அவர்கள் பேச்சில் வாரம். மேலே எதுவும் விளக்கவில்லை.

துறைமுகத்தில் இருந்து ஆட்டோ. இங்கே அதை ஓட்டோ என்கிறார்கள். தெல்லிப்பழை, சுன்னாகம் தாண்டும்போது மண் சிவக்கத் தொடங்கியது. வழியெல்லாம் வாழையும் வெங்காயமும் புகையிலையும் போடுகிற செம்மண் பூமி, எல்லைக்கெல்லாம் பனை. கோண்டாவிலில் ஒரு ஒழுங்கைக்குள், அதாவது சந்துக்குள், திரும்பியதும் படலையை, அதாவது வாசல் கதவை, திறந்து வைத்துக்கொண்டு தோழியின் அம்மா நின்றிருந்தார். 72 வயது. ஒரு பிள்ளை கனடா, ஒன்று லண்டன், ஒன்று கொழும்பு. கணவர் இல்லை. நாலு அறை வீட்டில் இவர் ஒருவர்தான்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ. களைச்சுப் போனீங்கள். தேத்தண்ணி போடட்டே? சீனி எவ்வளவு?"

முதல் கேள்வியே அதுவாக வந்தது. "நீங்க போடுற மாதிரி போடுங்கம்மா" என்றேன்.

இரண்டாம் நாள்: வேலி

விடிய 5 மணி இருக்கும். பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டு எழுந்தேன்.

இந்த வீட்டுக்கு முன்பக்கம் மதில். யாழ்ப்பாணம் முழுக்க இப்போது மதில்தான் அதிகம். பின்பக்கம் மட்டும் பழைய வேலி அப்படியே இருக்கிறது. கிளுவையும் பூவரசும் வரிசையாக நட்டு, அவையே வேர்விட்டுத் துளிர்த்து நிற்கின்றன. கதிகால் என்பது அதன் பெயர். இடைவெளியைப் பனையோலை வைத்துக் கட்டி மறைத்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியாது. கிணற்றடிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதை ஓலைத் தட்டி ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. இவர்கள் அதைப் பொட்டு என்கிறார்கள். எங்கள் ஊரில் பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது. இங்கே வேலியில் விடுவதும் பொட்டுதான்.

தோழியின் அம்மா தட்டியை ஒருபக்கம் தள்ளிவிட்டு, வாழையிலைத் துண்டில் செவ்வரத்தம் பூக்களை நீட்டினார். அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கை பூவை வாங்கிக்கொண்டது. இன்னொரு கை செம்பில் பால் கொடுத்தது. முகம் தெரியவில்லை. கண்ணாடி வளையல் இரண்டு, புறங்கையில் ஒரு தழும்பு. அவ்வளவுதான் நான் பார்த்தது.

"இரவு இருமிச் சத்தம் கேட்டது. கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சனீங்களே?"

"ஓம் ஓம். இப்ப சுகம். வீட்டில ஒரு பிள்ளை வந்து நிக்குது, இந்தியாவில இருந்து."

"தெரியும். நேற்று ஓட்டோச் சத்தம் கேட்டது."

தட்டி மூடிக்கொண்டது. இவ்வளவு பக்கமாக வாழ்கிறவர்கள் பேசாமல் ஒரு வாசலே வைத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"படலை வைச்சால் அது வழியாப் போடும் பிள்ளை. எவரும் நடப்பினம். பொட்டெண்டால் குனிஞ்சுதான் வரவேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மதிலும் கட்டலாம். காசு அனுப்புறன் எண்டு மகனும் ஒவ்வொரு வருசமும் கேக்கிறான். மதிலில பொட்டு விடேலாது" என்றார்.

வேலி என்றால் எல்லாம் இனிமை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கதிகால் அரை அடி தள்ளி நடப்பட்டதற்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்த குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு என்று அம்மாவே சொன்னார். அவருடைய மாமனார் அப்படி நடந்தவர்தானாம்.

பகலெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு நினைப்பாகவே இருந்தது. எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் கோபம் என்று அர்த்தம். சும்மா ஒருத்தி அரை மணி நேரம் தனியாக இருக்க ஆசைப்படலாம் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. "ஏண்டி, என்ன ஆச்சு?" என்று வெளியில் இருந்து தட்டுவார்கள். அதனால் ஒன்று எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் சண்டை போட்டுச் சாத்திக்கொள்ள வேண்டும். வேலியும் இருக்கட்டும், அதில் ஒரு பொட்டும் இருக்கட்டும் என்கிற ஏற்பாட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள்: தேரடி

நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். கொடி ஏறிய நாளில் இருந்து அம்மா வீட்டில் மச்சம் இல்லை. மீனையும் இறைச்சியையும் மச்சம் என்பார்கள். பழைய நல்லூர்க் கோவிலைப் போர்த்துக்கீசர் 1621இல் இடித்தார்கள். இப்போதைய கோவில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் இரகுநாத மாப்பாண முதலியார் கட்டியது. உள்ளே ஆண்கள் எல்லோரும் மேல் சட்டையைக் கழற்றிவிட வேண்டும், யாராக இருந்தாலும். அர்ச்சனைச் சீட்டு 1 ரூபாய், அதுவும் யாராக இருந்தாலும்.

நான் பார்க்க விரும்பியது கோவிலுக்கு வெளியே இருக்கிற தேரடியை. நூறு வருடத்துக்கு முன்னால் செல்லப்பா சுவாமி என்று ஒருவர் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்று நினைத்தது. யார் கிட்டே வந்தாலும் விரட்டுவார். கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த ஒரு இளைஞர் அவரைப் பார்க்க வந்தபோது, "ஆரடா நீ?" என்று அதட்டினாராம். அந்த அதட்டலைக் கேட்டவர்தான் பின்னாளில் யோகர் சுவாமி ஆனார். 1872இல் பிறந்து 1964 வரை இருந்தவர். யாழ்ப்பாணத்தில் இன்றும் பல வீடுகளில் அவர் படம் இருக்கிறது. எங்கள் அம்மா வீட்டுச் சாமி அறையிலும் இருக்கிறது. (எழுதிய பிறகுதான் கவனிக்கிறேன், எங்கள் அம்மா வீடு என்று இந்த வீட்டைச் சொல்லியிருக்கிறேன். இருக்கட்டும்.)

ஆரடா நீ. தேரடியில் நின்று எனக்குள் அதைக் கேட்டுப் பார்த்தேன். தமிழ் டீச்சர், இன்னாரின் மகள், இன்னாரின் தங்கை. எல்லாமே இன்னொருவரைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அவர்களை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்பதுதான் போன ஒரு வருடமாக என் பயம்.

அங்கிருந்து வண்ணார்பண்ணையில் சிவதொண்டன் நிலையத்துக்குப் போனேன். யோகர் சுவாமியின் அடியவர்கள் நடத்துவது. தியான மண்டபத்தில் பேச்சே கிடையாது. எனக்கு முன்னால் ஒரு வயதானவர், ஓரமாகப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண், சுவரோரம் இன்னும் இருவர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தனியாக என் வீட்டில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவள், அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தேன். மற்றவர்கள் உட்கார்ந்திருந்ததால் என்னால் முடிந்தது. ஆனால் அவர்களில் யாரும் எனக்காக உட்காரவில்லை.

அங்கேதான் 'தாடலை' நினைவுக்கு வந்தது. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குத் தெரிந்த உவமை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாதத்தைக் குறிக்கிற தாள் என்ற சொல்லும் தலை என்ற சொல்லும் சேர்ந்தால் தாடலை. முதல் சொல்லின் 'ள்' கெடுகிறது, அடுத்த சொல்லின் 'த' மாறி 'ட' ஆகிறது. இரண்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. காதுக்கு ஒரே சொல், எங்கே ஒட்டியது என்று தெரியாது. ஆனால் பொருள் சொல்லச் சொன்னால் தாள் வேறு, தலை வேறு. இறைவனின் தாளும் உயிரின் தலையும் அப்படிச் சேர்கின்றன என்கிறது சித்தாந்தம். பொன்னும் நகையும் போல இரண்டும் ஒன்றேதான் என்றும் சொல்லாது, இருட்டும் வெளிச்சமும் போல முற்றிலும் வேறு என்றும் சொல்லாது. உயிர்கள் பல, ஒவ்வொன்றும் என்றும் உள்ளது, முத்தி அடைந்தாலும் உயிர் அழிந்து போவதில்லை. செம்பில் களிம்பு மாதிரி ஆணவம் ஒட்டியிருக்கிறது, போகவேண்டியது களிம்புதான், செம்பு இல்லை.

இருபது வருடத்துக்கு மேல் புணர்ச்சி விதியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நிலைமொழி, வருமொழி, தோன்றல், திரிதல், கெடுதல் என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். இது வாழ்க்கைக்கு என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சித்தாந்தம் இதை இறைவனுக்கும் உயிருக்கும் சொன்னது. நான் மனிதருக்கும் மனிதருக்கும் நீட்டிப் பார்க்கிறேன். தப்பென்றால் படித்த பெரியவர்கள் திருத்துங்கள். அம்மாவும் நானும் 6 வருடம் ஒரே சொல்லாக இருந்தோம். அதில் என் பொருள் அழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழியவில்லை, நான் பிரித்து எழுதிப் பார்க்கவில்லை, அவ்வளவுதானோ?

நான்காம் நாள்: கீரிமலை

கீரிமலைக்குப் போகும் வழியில் மாவிட்டபுரம். யோகர் சுவாமி பிறந்த ஊர். அந்த ஊர்க் கந்தசுவாமி கோவில் வாசலில் 1968இல் பெரிய போராட்டம் நடந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தங்களை உள்ளே விடச் சொல்லி உட்கார்ந்தார்கள். 1957இலேயே தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஓட்டோ ஓட்டிய தம்பி இன்னொன்றும் சொன்னார். 2018இல் தென்மராட்சிப் பக்கம் ஒரு கோவிலில் தேரை மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் வைத்து இழுத்தார்கள். எல்லாச் சாதிக்காரரும் வடம் பிடிப்பார்கள் என்பதற்காகத்தான் அப்படி என்று அப்போது பெரிய சர்ச்சை ஆனது.

இதை எழுதாமல் கீரிமலைத் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதினால் என் மனசு ஒப்பாது. எல்லா உயிரும் அவன் அடி என்று பாடிவிட்டு, பக்கத்தில் நிற்பவரை வடத்தைத் தொடவிடாதவர்கள் கட்டியிருப்பது பொட்டில்லாத மதில். எங்கள் மாவட்டத்திலும் அந்த மதில் இருக்கிறது, எனக்குத் தெரியும்.

கீரிமலை கடலோரத்தில் இருக்கிற நன்னீர் ஊற்று. ஆண்களுக்கு ஒரு குளம், பெண்களுக்குச் சுவர் மறைத்த தனிக் குளம். சில அடி தள்ளிக் கடல் அடித்துக்கொண்டிருக்கிறது. மேலே நகுலேஸ்வரம் சிவன் கோவில். ஆடி அமாவாசைக்கு அப்பாவை இழந்தவர்கள் இங்கே வருவார்கள். அம்மாவை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. நான் இரண்டு நாளிலும் வரவில்லை. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை வந்தேன்.

படியில் உட்கார்ந்து, கையால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டேன். இரண்டாவது தரம் மொள்ளும்போதுதான் கையைப் பார்த்தேன். விரல்களை நெற்றிக்குக் குறுக்கே வைத்திருந்தேன். அம்மாவைக் குளிப்பாட்டும்போது கண்ணில் தண்ணீர் போகாமல் மறைக்கிற அதே கை. 6 வருடப் பழக்கம், இப்போது என் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. அழுதேன். குளத்தில் இருந்த ஒரு பெண் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் எனக்கு இடம் விட்டார். அவருக்கு என் நன்றி.

திரும்பும்போது ஓட்டோத் தம்பி தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதுதான் எல்லாக் கிணற்றிலும் ஊறுகிறது. யாராவது ஒருவர் ஆசைப்பட்டு அதிகமாக இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். பத்து வருடத்துக்கு முன்னால் சுன்னாகம் பக்கம் கழிவு எண்ணெய் நிலத்தில் இறங்கியது. அதற்கும் அந்த வீடுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் ஊர்க் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது.

"வேலி மேலதான் அக்கா. கீழ எல்லாருக்கும் ஒரே தண்ணிதான்" என்றார் அந்தத் தம்பி. வண்டியை ஓட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஐந்தாம் நாள்: நயினாதீவு, அப்புறம் ராத்திரி

காலையில் குறிகட்டுவானில் இருந்து படகு. நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரை என்கிற புத்தர் கோவிலும் ஒரே தீவில், நடந்து போகிற தூரத்தில். மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இதுதான் என்று இங்கே நம்புகிறார்கள். அம்மன் கோவில் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெயில் கடுமை. இதற்கு மேல் பகலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ராத்திரி அம்மா சொன்னதை எழுத வேண்டும்.

கரண்ட் போய்விட்டது. இருவரும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். வேலியைப் பற்றி மறுபடி நான்தான் ஆரம்பித்தேன்.

1995 அக்டோபர் 30. போர் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமம் பகுதி முழுக்க ஒரே ராத்திரியில் கிளம்பியது. லட்சக்கணக்கான சனம், செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு. மழை. "காலை எடுத்து வைக்கேலாது பிள்ளை. நான் நடக்கேல்லை, சனம் என்னைக் கொண்டு போச்சு" என்றார். சின்ன மகனின் கையைத் தன் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு 6 மாதம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், 40 குடும்பங்களோடு.

"எல்லாம் பொதுதான். ஒருத்தர் கஞ்சி காய்ச்சினா எல்லாருக்கும். பிள்ளையள் ஆற்றையெண்டு இல்லாமல் எல்லாற்றை மடியிலயும் படுத்துதுகள். அது ஒரு புண்ணியம்தான், நான் இல்லையெண்ணேல்லை. ஆனா உடுப்பு மாத்த ஒரு இடமில்லை. என்ர அம்மா அங்கதான் செத்தவ. தனிய இருந்து அழ ஒரு மூலை இல்லை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. விசிறியை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காற்று எனக்கும் வந்தது.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீடு நின்றது, கூரையில் பாதி இல்லை. வேலி ஒன்றுமே இல்லை. எல்லாம் விறகாகப் போயிருந்தது. ஒழுங்கையில் நின்று பார்த்தால் கிணற்றடி தெரிந்தது, அதற்கு அடுத்த வீட்டுக் கிணற்றடியும் தெரிந்தது. கூரையைச் சரிபார்க்கும் முன்னால் இரண்டு வீட்டுக்காரரும் செய்த முதல் வேலை வேலி அடைத்ததுதான்.

"அவையின்ர ஐயா கதிகால் நட்டுக்கொண்டு வந்தவர். கிணத்தடிக்குக் கிட்ட வந்ததும் நிண்டிட்டார். 'இதில விடுவமே, தங்கச்சி?' எண்டு கேட்டார். 'விடுங்கோ அண்ணை' எண்டன். பழைய இடத்திலயே விட்டார்."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த இரண்டு குடும்பம், முதலில் தங்களுக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று நினைத்திருக்கிறது. அந்த மறைப்பைக் கட்டும்போதே அடுத்தவருக்கு எங்கே வழி விடுவது என்று கேட்டிருக்கிறது. இரண்டில் எது முதலில் என்று பிரிக்க முடியவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேல் மழைத் தூறல் விழுந்தது. பக்கத்து வீட்டில் யாரோ எழுந்து எதையோ எடுத்து உள்ளே வைக்கிற சத்தம். அந்தக் கண்ணாடி வளையல்தான்.

ஆறாம் நாள்: தேர்

அதிகாலை 4 மணிக்கே கிளம்பிவிட்டோம். கிளம்பும் முன் தேநீர். "ஒண்டரைக் கரண்டி சீனி, என்னம்மா?" என்று அம்மா கேட்டார். நாலு நாளாக நான் குடிப்பதைப் பார்த்து அவரே கண்டுபிடித்திருக்கிறார். குடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது.

கோவிலைச் சுற்றிய வீதிகளில் வண்டி விடுவதில்லை. வெளிவீதியில் மணல் பரப்பியிருக்கிறார்கள். செருப்பில்லாத கால்கள், கண்ணுக்கு எட்டிய வரை. தண்ணீர்ப் பந்தல்கள், காவடிகள், பஜனைக் கூட்டங்கள். சாரணர் உடையில் பையன்கள் கயிறு பிடித்து வழி விட்டார்கள். ஒலிபெருக்கியில் காணாமல் போன ஒரு குழந்தையின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். இத்தனை பேருக்கு நடுவில் அந்த ஒரு பெயர்.

பெண்கள் அடி அழித்துக்கொண்டு போனார்கள். விழுந்து கும்பிட்டு, நெற்றி பட்ட இடத்தில் எழுந்து நின்று, மறுபடி விழுவது. ஆண்கள் ஈர வேட்டியோடு மணலில் உருண்டு பிரதட்டை செய்தார்கள். என் காலடியில் ஒருவர் உருண்டு வந்தார், முப்பது வயது இருக்கும். தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்திருந்தார். கண் மூடியிருந்தது. எந்தப் பக்கம் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. கூடவே ஒரு பையன் குனிந்து நடந்துகொண்டு, கோணலாகப் போகிறபோதெல்லாம் அவர் காலைத் தொட்டு நேராக்கினான். உருட்டிவிடவில்லை, தூக்கவில்லை. நேர்த்திக்கடன் அவருடையது, உருள்வது அவர்தான். காலைத் தொடுவது மட்டும் இவன் வேலை. நான் அந்த இருவரின் பின்னாலேயே ஒரு வீதி முழுக்க நடந்தேன். என் அம்மாவுக்கு 6 வருடம் நான் செய்ததும் இதுதானே என்று தோன்றியது. அவருடைய வலியை நான் உருளவில்லை, உருளவும் முடியாது. காலைத் தொட்டுக்கொண்டு கூட நடந்தேன். அதற்காக நான் இல்லாமல் போகவேண்டியதில்லை. கூட நடப்பதற்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும் அல்லவா?

ஆறுமுகப் பெருமான் தேர் ஏறினார். வடம் இறுகியதும் "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் என் குரல் எது என்று எனக்கே கேட்கவில்லை. தொண்டை அதிர்வது மட்டும் தெரிந்தது. தேர் நாலு வீதியும் சுற்றி இருப்புக்கு வந்த பிறகு பச்சை சாத்தி இறங்கி வருகிறார். அந்தப் பச்சையைப் பார்க்கவென்றே வெயிலில் காத்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அம்மாவும் நின்றோம்.

ஏழாம் நாள்: தீர்த்தம்

நாளைக்குக் கப்பல். காலையில் கடைசியாக ஒரு தரம் கோவிலுக்குப் போனோம்.

1 ரூபாய் கொடுத்து அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். எங்கள் ஊரில் அர்ச்சனை என்றால் நான் அம்மா பெயரைச் சொல்வேன். அம்மா போன பிறகு "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பேன். ஐயர் என் முன்னால் வந்து, "பேர், நட்சத்திரம்?" என்றார்.

என் பெயரைச் சொன்னேன். திருவாதிரை என்றேன். என் நட்சத்திரத்தை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

"வேற ஆரும்?"

திரும்பிப் பார்த்தேன். பெண்கள் வரிசையில் நாலு பேர் தள்ளி அம்மா கண்ணை மூடி நின்றிருந்தார். ஒரு வாரம் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அவர் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. "அம்மா, உங்க நட்சத்திரம் என்ன?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

கண்ணைத் திறந்தார். "சதயம்" என்றார். பிறகு, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பூரட்டாதி. அதையும் சொல்லுங்கோ" என்றார்.

ஐயரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இன்னும் 2 சீட்டு வாங்கப் போனேன்.